கொதிக்கிற டிராக்டரும் மூணு யோக்கியர்களும்

அக்கா போன் செய்தபோது நான் ஒரு பழைய ஜெனரேட்டருக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"டேய், நீ குடுத்த டிராக்டர் கொதிக்குதுடா."

"கொதிக்காதே," என்றேன்.

எங்கள் குடும்பத்தில் எவரும் முதலில் சொல்வது இதைத்தான். விற்ற பொருள் கண்ணெதிரே தீப்பிடித்து எரிந்தாலும் "எரியாதே" என்போம். வாளியை அப்புறம்தான் தேடுவோம்.

"கொதிக்கலன்னா மூக்கால புஸ்ஸு புஸ்ஸுன்னு ஆவி விடுதே, அது என்ன, பெருமூச்சா? காலையில இருந்து மூணு தடவ நின்னுடுச்சு. ஒரு ஏக்கர் தாண்டல. நடு வயல்ல நிக்கிறேன்."

"சூடு காட்டுற முள் எங்க இருக்கு பாரு."

"பச்சையிலதான் இருக்கு. எப்பவும் அங்கதான் இருக்கு. அதான் எனக்கு ஒண்ணும் புரியல."

பழைய மெஷின்களை வாங்கி விற்கும் யார்டு எங்களுடையது. அக்காவும் அங்கே வளர்ந்தவள்தான். பம்பு ஓடுகிற சத்தத்தைக் கேட்டே அதற்கு எத்தனை வயது, எத்தனை கை மாறியது என்று சொல்வாள். கல்யாணமாகிப் போனவளுக்குச் சென்ற வருடம் விவசாயம் செய்ய வேண்டுமென்று ஆசை வந்தது. நான், அப்பா, சித்தப்பா மூவரும் சேர்ந்து அன்றைக்குச் சிரித்த சிரிப்பை அவள் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள். மாமா லாரி ஓட்டுகிறவர். எந்த ஊரில் இருக்கிறார் என்பது அவருக்கே சாயங்காலம்தான் தெரியும். ஆக, ஒன்பது ஏக்கரைக் குத்தகைக்குப் பேசியது, மக்காச்சோள விதை வாங்கியது, விதைக்கிற கருவியை டிராக்டருக்குப் பின்னால் மாட்டியது எல்லாம் அவள் ஒருத்திதான்.

நிலத்துக்காரர் பேச்சில் கறார். "இந்த மழை ஈரத்துல ஒன்பது ஏக்கர்லயும் விதை விழுந்தா நிலம் இந்த வருஷம் உன்கிட்ட. விழலன்னா, கேட்டு நிக்கிற வேற ஆளுக்குக் குடுத்துருவேன்," என்று சொல்லிவிட்டார். மழை முந்தாநாள் பெய்தது. அடிக்கிற வெயிலுக்கு அந்த ஈரம் நாளை சாயங்காலம் வரை தாங்கினால் பெரிது. வேறு டிராக்டர் கேட்கலாம் என்றால், அதே மழை எல்லார் நிலத்திலும்தானே பெய்திருக்கிறது? சக்கரம் உள்ள எதுவும் சும்மா நிற்கவில்லை.

"பொறுமையை அனுப்புறேன், நீ அங்கேயே இரு," என்றேன்.

பொறுமை என்பது எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக். யார் எவ்வளவு அவசரத்தோடு போய் நின்றாலும் "பொறுமை, பொறுமை" என்று கையை அமர்த்துவார்; அந்தப் பெயரே நின்றுவிட்டது. அவரிடம் அது இருக்கிறதா என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

போனை வைத்ததும் அப்பா கணக்காகப் பக்கத்தில் வந்து நின்றார்.

"பொறுமையா வரான்?"

"ஆமாப்பா."

"பிரிச்சுப் பாப்பானோ?"

"மெக்கானிக் வேற என்ன பண்ணுவாரு?"

"நானும் வரேன். பொண்ணு தனியா நிக்குது பாவம்."

யார்டின் அந்தக் கோடியில், டிரம் வரிசைக்கு அப்பால், சித்தப்பாவின் தலை எழும்பியது. "எங்க, பாப்பா வயலுக்கா? நானும் வரேன். ரத்த பாசம்னு ஒண்ணு இருக்குல்ல."

வேனில் மூவரும் நெருக்கியடித்துக்கொண்டு போய் இறங்கியதும் அக்காவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "எனக்காக கடையைப் போட்டுட்டு மூணு பேருமா வந்தீங்க?" என்றாள். நாங்கள் மூவரும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டோம். பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த டிராக்டரைப் பிரிக்கும்போது தான் பக்கத்தில் இல்லாமல் போனால் ஆபத்து என்று அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தனித்தனியாகப் பயம்; கடைசியாக விற்றவன் என்பதால் எனக்கும்.

வண்டி வயல் நடுவே, மூக்கில் ஆவி மெல்லக் கசிய, வெட்கமில்லாமல் நின்றது. சிவப்புப் பெயின்ட் வெயிலில் பளபளத்தது. அந்தப் பெயின்ட் என் கைவரிசை. பொறுமை எங்களுக்கு முன்னாலேயே பைக்கில் வந்து, தகரப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்.

"இவ்வளவுதானா? தண்ணி குறைஞ்சிருக்கும்," என்று அப்பா நேராகப் போய் ரேடியேட்டர் மூடியில் கை வைத்தார்.

"கைய எடுங்க!" பொறுமை போட்ட கத்தலில் விதை பொறுக்க வந்த நாலு பறவை பறந்தது. "கொதிக்கிறப்ப மூடியத் திறந்தா மூஞ்சி இருக்காது. ஆறட்டும். பொறுமை."

ஆறுகிற வரைக்கும் அவர் வேறு வேலை பார்த்தார். முன்பக்கச் சல்லடையில் ஒட்டியிருந்த வைக்கோலையும் தூசியையும் பிரஷ்ஷால் தட்டினார். ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார், இறுக்கமாகத்தான் இருந்தது. எண்ணெய்க் குச்சியை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தார். "எண்ணெயில தண்ணி கலக்கல. பால் மாதிரி வெளுத்திருந்தா எஞ்சினைப் பிரிக்கணும், உங்க விதைப்பு அத்தோட போச்சு. அது இல்ல. நல்ல காலம்," என்றார். அக்கா மூச்சு விட்டாள்.

பிறகு கனமான துணியைப் போட்டு மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். மிச்சமிருந்த ஆவி சீறிக்கொண்டு அவர் முகத்துக்குப் பக்கத்தில் போனது. அவர் தும்மினார். இன்னொரு தும்மல். நாலாவது தும்மலில் கையிலிருந்த மூடி மண்ணில் போய் விழுந்தது.

"என்ன இது," மூக்கைத் தேய்த்தார், "ரேடியேட்டருக்குள்ள மிளகு வாசம் அடிக்குது?"

அப்பா வானத்தைப் பார்த்தார். "காத்துல எங்கிருந்தாவது வரும்."

"காத்துல வரல. தண்ணியில மிதக்குது."

"அப்போ தண்ணியில எங்கிருந்தாவது வரும்."

பொறுமை அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இருக்கைப் பக்கம் போனார். எஞ்சினைத் தொட்டார், சுட்டது, கையை உதறினார். சூடு காட்டும் வட்டக் கண்ணாடியைப் பார்த்தார். முள் பச்சையின் நட்டநடுவில், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"வண்டி நின்னு அரை மணி நேரமாச்சு. சாவி என் பாக்கெட்டுல இருக்கு. முள்ளு மட்டும் இன்னும் வேலை பாத்துட்டு இருக்கு."

"அந்தக் காலத்துப் பொருள்," என்றார் சித்தப்பா. "உழைப்புக்கு அஞ்சாது."

பொறுமை ஸ்பானரைப் பெட்டியில் போட்டார். விதை மூட்டை ஒன்றை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"வைத்தியம் பாக்கணும்னா, முன்னாடி என்னென்ன மருந்து குடுத்தீங்கன்னு தெரியணும். இந்த வண்டிக்கு யார் யார் என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலியே," என்றோம் மூவரும். ஒத்திகை பார்த்ததுபோல ஒரே குரலில் வந்தது.

இங்கே எங்கள் யார்டின் நடைமுறையைச் சொல்லிவிட வேண்டும். வீட்டில் ஒரே அடுப்பு, ஒரே சாப்பாடு. யார்டுக்குள் காலை வைத்தால் அப்பா வேறு கடை, சித்தப்பா வேறு கடை, நான் தொழிலுக்கு வந்ததிலிருந்து நான் வேறு கடை. ஒருவர் சரக்கை இன்னொருவர் வாங்குவோம், விற்போம். அதுவும் வெளியாளிடம் செய்வதைவிட உக்கிரமாகப் பேரம் பேசித்தான். காலையில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் பத்து மணிக்கு ஒருவர் முகத்தில் ஒருவர் காறித் துப்பாத குறையாக நிற்போம். மத்தியானம் மறுபடி ஒன்றாகச் சாப்பிடுவோம். இந்த டிராக்டரை எங்கிருந்தோ வாங்கி வந்தவர் சித்தப்பா. அவர் அப்பாவுக்கு விற்றார். அப்பா எனக்கு விற்றார். மூன்று நாள் பேரம். நான் அக்காவுக்குக் கொடுத்தேன். குறை எதையும் வாயால் சொல்லக்கூடாது என்பது யார்டு சட்டம். சொல்லிவிட்டால், அந்தப் பொருள் எத்தனை கை மாறினாலும் அந்தச் சொல் கூடவே போகும்.

இப்போது சொல்லச் சொல்கிறார் பொறுமை, அதுவும் ஒருவர் காதுபட இன்னொருவரை.

"அண்ணே, நீங்க சொல்லுங்க," என்றார் சித்தப்பா. "வயசுல மூத்தவரு."

"எனக்கு வித்தவன் நீ. வரிசைப்படி நீதான் முதல்ல."

"அப்படின்னா நான் பாதி சொல்றேன். நீங்க முழுசு சொன்னப்புறம் மீதியச் சொல்றேன்."

"பாதி உண்மையை வச்சு நான் என்ன பண்றது? முழுசா ஒண்ணு குடு, முழுசா ஒண்ணு வாங்கிக்க."

"உங்களுது பெருசா சின்னதா, அதைச் சொல்லுங்க முதல்ல. சின்னதுன்னா எனக்குக் கட்டுப்படியாகாது."

"டேய், சரக்கைப் பாக்காமயே விலை கேக்குறியா?"

"பையன் கிட்ட ஆரம்பிப்போமே," என்று இருவரும் சட்டென்று சமாதானமாகி என் பக்கம் திரும்பினார்கள்.

"நான் பெயின்ட் மட்டும்தான் அடிச்சேன்," என்றேன். "அது எல்லாருக்கும் தெரியும். நான் ஒளிச்சு எதுவும் செய்யல." சத்தியமாக நான் அதை நம்பித்தான் சொன்னேன். வியாபாரி சொல்வதில் எது உண்மை என்று அவனுக்கே தெரியாமல் போகும் நேரம் உண்டு; அது அப்படிப்பட்ட நேரம்.

அக்கா குனிந்து மண்ணை ஒரு கை அள்ளி, பிடித்துப் பார்த்தாள். உருண்டையாகத்தான் நின்றது, ஆனால் ஓரமெல்லாம் உதிர ஆரம்பித்திருந்தது. அதை அப்படியே எங்கள் மூவர் முன்னால் நீட்டினாள்.

"இது உதிரியாப் போயிடுச்சுன்னா நிலமும் போச்சு. மணி பத்தரை. நீங்க பேரம் முடிக்கிறீங்களா, இல்ல நான் அம்மாவுக்குப் போன் போடட்டுமா? மூணு பேரும் சேந்து எனக்கு எதைத் தலையில கட்டுனீங்கன்னு அம்மா விசாரிக்கட்டும்."

யார்டு சட்டம் உடைந்தது.

"முள்ளை ஒட்டினது நான்," என்றார் சித்தப்பா வேகமாக. "பசைதான். கொஞ்சூண்டு. முள்ளு சிவப்புக்குப் போய்ப் போய் வந்துச்சு. வாங்க வரவங்க பயந்தாங்க. அதான் நல்ல இடமாப் பாத்து நிறுத்தி வச்சேன்."

அப்பாவின் முகம் சிவப்புக்குப் போனது. "அடப்பாவி! 'அண்ணே, முள்ளைப் பாருங்க, அண்ணன் மனசு மாதிரி குளுகுளுன்னு இருக்கு'ன்னு சொல்லித்தானேடா எனக்கு வித்த?"

"நீங்களும் 'ஆமாடா'ன்னு சந்தோஷமாத்தானே தலையாட்டினீங்க?"

"சரி, பொறுமை," என்றார் பொறுமை. "ஐயா, உங்க பங்கு?"

அப்பா தொண்டையைச் செருமினார். "ரேடியேட்டர் அடியில சின்னதா ஒரு ஒழுகல். சொட்டுச் சொட்டா. மிளகை இடிச்சு உள்ள போட்டா அடைச்சுக்கும்னு ஒரு டிரைவர் சொன்னான். போட்டேன். அடைச்சுக்கிச்சு."

"எவ்வளவு போட்டீங்க?"

"ஒரு கை."

பொறுமை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு கை," என்றார் அப்பா. "ரெண்டாவது நாள் இன்னும் ரெண்டு கை."

"ஒழுகலும் அடைச்சுது, தண்ணி போற குழாய் பூராவும் அடைச்சுது," என்றார் பொறுமை. "முள்ளு உண்மையச் சொல்லியிருந்தா ஓட்டுறவங்க அன்னிக்கே கண்டுபிடிச்சிருப்பாங்க. அதோட வாயையும் அடைச்சாச்சு."

இதற்கு மேல் நடந்தது வேகமாக நடந்தது. கீழ்க் குழாயைக் கழற்றினார். வயல் ஓரத்துக் குழாயிலிருந்து ஹோஸ் இழுத்து, ரேடியேட்டரின் கீழ்வாயில் செருகி, தண்ணீரைக் கீழிருந்து மேலாகத் தள்ளினார். மேல்வாய் வழியாக முதலில் கறுப்பாக, பிறகு பழுப்பாக, கட்டி கட்டியாக மிளகு வந்து கொட்டியது. காற்றடித்த பக்கம் நின்ற நாங்கள் எல்லோரும் தும்மினோம். அப்பா அதிகம் தும்மினார். அவர் குற்ற உணர்ச்சியோடு பக்கத்திலேயே நின்று ஹோஸைப் பிடித்திருந்தார். தண்ணீர் தெளிந்த பிறகு அடியில் ஊசி முனை அளவில் ஒழுகல் தெரிந்தது. பொறுமை அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து ஈயம் வைத்துப் பற்றவைத்தார். சூடு காட்டும் வட்டத்தின் கண்ணாடியைக் கழற்றி, பிளேடு நுனியால் பசையைச் சுரண்டினார். முள் ஒரு துள்ளு துள்ளி, அடிக்கோடியில் போய் விழுந்து படுத்தது.

"விடுதலை ஆயிடுச்சு," என்றாள் அக்கா.

தண்ணீர் நிரப்பி, எஞ்சினைக் கிளப்பினாள். விதைக் கருவியை இறக்கி ஓட்ட ஆரம்பித்தாள். நாங்கள் மூவரும் வரப்பில் உட்கார்ந்து வாழ்நாளில் முதல்முறையாக ஒரு உண்மையான முள்ளை நம்பிக் காத்திருந்தோம். காலையில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கொதித்த வண்டி இருபது, முப்பது என்று தாண்டியது. சித்தப்பா அப்பாவின் தோளைத் தட்டினார். "விடுங்கண்ணே, குடும்பத்துக்குள்ளதான."

நாற்பதாவது நிமிடம் அக்கா கையைத் தூக்கினாள். வண்டியை நிறுத்தி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டாள். முள் சிவப்புக்குள் மூக்கை நுழைத்திருந்தது.

ஐந்து முகமும் மெதுவாக என் பக்கம் திரும்பியது. ஆளைக் கணக்குப் போட்டால் நாலுதான். டிராக்டரும் திரும்பியதுபோல எனக்குத் தோன்றியது.

"தம்பி," என்றார் பொறுமை.

"பெயின்ட்தாண்ணே! அம்மா மேல சத்தியம், வெறும் பெயின்ட்!"

"அம்மாவை இழுக்காத," என்றாள் அக்கா. "என்னடா பண்ண?"

"பெயின்ட் சூடாகுமா? சொல்லுங்கண்ணே. சிவப்பு அடிச்சா அதிகமா சூடாகுமா? அப்படின்னா நீலம் அடிச்சுத் தரேன்."

பொறுமை வேனிலிருந்து ஒரு செய்தித்தாளை எடுத்து, ஒரு தாளை மட்டும் பிரித்தார். ஓடுகிற எஞ்சினுக்கு முன்னால் போய், சல்லடைமேல் அந்தத் தாளை வைத்துக் கையை எடுத்தார். தாள் ஒரு நொடி ஒட்டி நின்றது. பிறகு சோம்பேறித்தனமாக வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது.

"பின்னாடி ஃபேன் காத்த இழுத்தா தாள் அப்படியே அப்பிக்கிட்டு நிக்கணும்," என்றார். "இது என்னவோ ஊதுற மாதிரியும் இல்ல, இழுக்கிற மாதிரியும் இல்ல. பேருக்குச் சுத்துது."

எஞ்சினை நிறுத்தி, தலையை உள்ளே விட்டு ஃபேனைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. நல்ல விருந்து சாப்பிட்டவர் முகம் மாதிரி இருந்தது.

"பெயின்ட் அடிக்கிறப்ப ஃபேனைக் கழட்டினியா?"

"கழட்டாம எப்படி உள்ள அடிக்கிறது? கழட்டி, சுத்தமா தேச்சு, அடிச்சு மாட்டினேன். நாலு போல்ட்டும் சரியா முடுக்கினேன்."

"எந்தப் பக்கம் மாட்டின?"

"எந்தப் பக்கம்னா? நல்ல பக்கம்."

அது என்ன நல்ல பக்கம் என்று கேட்டார். நான் பெருமையாகவே விளக்கினேன். ஃபேனின் இலைகளுக்கு இரண்டு முகம். ஒன்று புடைத்தது, வழவழவென்று, பெயின்ட் அடித்ததும் புதுசு மாதிரி ஆனது. இன்னொன்று குழிந்தது, அதில் துருவின் குழிகள், எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. வாங்க வருகிறவன் எப்போதும் எஞ்சின் பக்கமாக நின்று குனிந்துதான் எட்டிப் பார்ப்பான். அவன் கண்ணில் துரு படலாமா? அதனால் ஃபேனைத் திருப்பி, வழவழப்பு அந்தப் பக்கம் தெரியும்படி மாட்டினேன். பழக்கடைக்காரன் அடிபட்ட பக்கத்தை உள்ளே தள்ளி அடுக்குவதில்லையா, அதுபோல. கை தானாகச் செய்த காரியம்; ஒளித்ததாகக்கூட மனசில் பதியவில்லை.

பொறுமை என் தோளில் கை வைத்தார். "தம்பி, அந்தக் குழிஞ்ச முகம்தான் காத்த அள்ளித் தள்ளுது. நீ அதைத் திருப்பி மாட்டிட்ட. காத்து உன் கஸ்டமர் இல்லப்பா. அதுக்கு அழகு தெரியாது."

சித்தப்பா வரப்பில் உருண்டு சிரித்தார். அப்பா சிரிக்காமல் இருக்கத்தான் பார்த்தார். மீசை துடித்துக் காட்டிக்கொடுத்தது. "நானாவது மிளகு போட்டேன், இவன் முள்ளை ஒட்டினான். நாங்க குறையத்தான் மறைச்சோம். நீ நல்லா இருந்ததைக் கெடுத்து வித்திருக்க. எங்களையே மிஞ்சிட்டியேடா."

நான் அக்காவைப் பார்த்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் திட்டவில்லை. பெட்டியிலிருந்து ஸ்பானரை எடுத்து என் கையில் திணித்தாள்.

"அசிங்கமான பக்கத்தை என் பக்கம் திருப்பு. நான் பாத்துக்கறேன்."

பெல்ட்டைத் தளர்த்தி, நாலு போல்ட்டையும் கழற்றி, ஃபேனைத் திருப்பி மாட்டினேன். துருக்குழி எல்லாம் வெளியே தெரிந்தது. என் தொழில் கண்ணுக்கு அது வலித்தது. எஞ்சின் கிளம்பியதும் பொறுமை அதே தாளை எடுத்துச் சல்லடைமேல் வைத்தார். அது பட்டென்று ஒட்டிக்கொண்டது. சித்தப்பா பிய்த்துப் பார்த்தார், கிழிந்துதான் வந்தது.

மூன்று மணிக்கு அக்கா மறுபடி வண்டியில் ஏறினாள். முள் மெல்ல எழுந்தது, பச்சையின் நடுவுக்கு வந்தது, அங்கே நின்று லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. "அசையுதே," என்று அப்பா பதறினார். "உயிரோட இருந்தா அசையும்," என்று சொல்லிவிட்டுப் பொறுமை பைக்கை உதைத்தார். போகும்போது, "நான் போனதும் மூணு பேரும் எதையும் அழகு படுத்திடாதீங்க," என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அன்றைக்கு வெளிச்சம் இருக்கும்வரை மூன்று ஏக்கர். மறுநாள் விடிந்ததும் தொடங்கி, பதினொரு மணிக்கு அக்கா கடைசி வரிசையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். நாங்கள் மூவரும் பிராயச்சித்தமாக விதை மூட்டை சுமந்து கொட்டிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் நிலத்துக்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் குடை. முகத்தில், நிலத்தை வேறு ஆளுக்குக் கொடுக்கத் தயாராக வந்த களை. ஒன்பது ஏக்கரையும் ஒரு பார்வை பார்த்தார். கோடு போட்ட மாதிரி விதைத்துக் கிடந்தது. அந்தக் களை கொஞ்சம் வாடியது.

"முடிச்சுட்டியேம்மா," என்றார்.

"முடிச்சுட்டேங்க," என்றாள் அக்கா. வண்டியை நிறுத்தவில்லை.

கடைசி வரிசை முடிந்து டிராக்டர் வந்து நின்ற பிறகும் அவர் போகாமல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். விஷயம் மெல்ல வெளியே வந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவருடைய சொந்த நிலம் ஆறு ஏக்கர் இருக்கிறது. விதை மூட்டைகளை வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இறக்கி வைத்தாயிற்று, வருகிறேன் என்ற டிராக்டர்காரன் வேறு வயலுக்குப் போய்விட்டான். ஈரம் காய்ந்துகொண்டிருக்கிறது.

"இந்த வண்டிய எனக்கே குடுத்துருங்களேன்," என்றார் அப்பாவிடம். "உங்க யார்டு வண்டிதானே? எப்படி, நல்ல வண்டியா?"

என் வாழ்நாளில் அப்பா அந்தக் கேள்விக்குத் தடுமாறி நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். வண்டி இவர் கைக்குப் போய், அங்கே எதற்காவது கொதித்து நின்றால், கோபம் அக்காவின் குத்தகைமேல்தான் திரும்பும். அவர் ஒரு முடிவுக்கு வந்தவராக, இருந்ததை இருந்தபடி சொல்ல ஆரம்பித்தார்.

"நல்ல வண்டி இல்லீங்க. நேத்து வரைக்கும் கொதிச்சுது. ரேடியேட்டர் ஒழுகுச்சு, நான்தான் மிளகு போட்டு அடைச்சேன்."

"மிளகா?"

"சூட்டு முள்ளை நான் பசை போட்டு ஒட்டியிருந்தேன்," என்று சித்தப்பாவும் கூடச் சேர்ந்தார்.

"நான் ஃபேனைத் தலைகீழா மாட்டியிருந்தேங்க," என்றேன்.

நிலத்துக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு குடையை ஊன்றிக்கொண்டு கடகடவென்று சிரித்தார். "ஏய்யா, என்கிட்டயேவா? தலைமுறை தலைமுறையா யாவாரம் பண்றவங்க, மூணு பேரும் போட்டி போட்டுக்கிட்டு சொந்த வண்டியக் கரிச்சுக் கொட்டுறீங்கன்னா, இதுல என்னமோ பெரிய சங்கதி இருக்கு. விக்க மனசில்ல, அதானே? இப்போ எனக்கு இந்த வண்டிதான் வேணும்!"

"ஐயோ, நிஜமாங்க! மிளகு போட்டேங்க!" என்று அப்பா நெஞ்சில் அடித்துக்கொண்டார். அவர் எவ்வளவு மன்றாடினாரோ, நிலத்துக்காரரின் கண் அவ்வளவு பளபளத்தது. பொய்யை நம்பவைத்தே பழகியவர்கள் நாங்கள். உண்மையை எப்படி விற்பது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அக்கா இருக்கையிலிருந்து குனிந்தாள்.

"வண்டி விலைக்கு இல்லீங்க. ஆனா உங்க ஆறு ஏக்கரை சாயங்காலத்துக்குள்ள நானே விதைச்சுத் தரேன். பதிலுக்கு இந்த நிலம் ஒரு வருஷம்னு இருக்கிறதை மூணு வருஷம்னு ஆக்கிடுங்க."

"மூணா? ரெண்டு."

"மூணு."

"யோசிச்சுச் சொல்றேனே."

"யோசிங்க, அவசரமில்ல." அவள் எஞ்சின் சத்தத்துக்கு இடையே தண்ணீர் பாட்டிலைத் திறந்து, நிதானமாகக் குடித்து, மூடினாள். முகத்தைத் துடைத்தாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "மேல் மண்ணு வெளுக்க ஆரம்பிச்சிருக்கு."

"சரி சரி, மூணு," என்றார் அவர்.

"நாலுங்க."

"இப்பதானேம்மா மூணுன்னு சொன்ன?"

"அது இப்ப இருக்கிறதைவிட ஈரம் அதிகமா இருந்தப்ப சொன்னது. இன்னும் கொஞ்சம் யோசிச்சீங்கன்னா..."

"நாலு!" என்றார் நிலத்துக்காரர், குடையைத் தூக்கி. "நாலு வருஷம். கிளம்பும்மா, தாயே, கிளம்பு!"

அப்பாவும் சித்தப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில் கொஞ்சம் பெருமை, நிறைய பயம். அக்கா எங்கள் மூவரையும் ஒரு தரம் பார்த்தாள். சென்ற வருடம் நாங்கள் சிரித்த அந்தச் சிரிப்பை வட்டியோடு திருப்பிக் கொடுக்கிறாளோ என்று நினைத்தேன். இல்லை. அவள் பார்த்தது மூட்டைகளை.

"ஐயாவோட விதையத் தூக்கிட்டு வந்துருங்க. வண்டியில ஒரு சீட்டுதான்," என்று கியரைப் போட்டாள்.

வேன் வாய்க்காலைத் தாண்டாது. ஆளுக்கொரு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, டிராக்டர் கிளப்பிய புழுதிக்குப் பின்னால் நடந்தோம்.

"அண்ணே," என்றார் சித்தப்பா மூச்சிரைக்க. "பாப்பாவுக்கு அன்னிக்கே யார்டுல ஒரு பங்கு குடுத்திருக்கணும்."

"குடுத்திருந்தா நாம மூணு பேரும் இப்ப எங்க இருந்திருப்போம்னு நினைக்கிற?"

"எங்க?"

அப்பா மூட்டையை மறு தோளுக்கு மாற்றினார். "இதே வேலையத்தான் பாத்துட்டு இருந்திருப்போம். பத்து வருஷம் முன்னாடியே."